கென்வுட் டி.எஸ்-830எஸ்: நெரிசலில் குரலைப் பிரித்துத் தரும் கருவி

மாலையில் 40 மீட்டர் பட்டையில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) உட்காரும் ஹாம் நண்பர்களுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்களுக்குத் தெரியும். கொழும்பு நிலையம் ஒன்று மெலிதாகப் பேசிக்கொண்டிருக்கும். இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொருவர் முழு பலத்தோடு ஏறியிருப்பார். நடுவில் ஒரு விசில் காதைத் துளைக்கும். அந்த வேளையில் என் கை போவது 1980-ஐ ஒட்டி வந்த இந்தப் பழைய கென்வுட் டிரான்ஸீவரிடம்தான். அலையை அனுப்பவும் வாங்கவும் ஒரே பெட்டி.

காரணம் இதன் ரிசீவர். வரும் அலையை உள்ளே மாற்றி வடிகட்டுவதற்கு 8.83 மெகாஹெர்ட்ஸ், 455 கிலோஹெர்ட்ஸ் என இரண்டு இடை அதிர்வெண்கள் (ஐ.எஃப்.), இரண்டிலும் வடிகட்டிகள். பட்டை அகலத்தை மாற்றும் வி.பி.டி. குமிழைத் திருப்பினால் ஒன்றின் எல்லை மற்றொன்றின் மேல் நகர்கிறது. இரண்டுக்கும் பொதுவான பகுதி மட்டுமே காதுக்கு வருகிறது. எவ்வளவு குறுக்குவது என்பதை நம் விரலே முடிவு செய்கிறது. கேட்கும் துண்டை அப்படியே மேலோ கீழோ நகர்த்தும் ஐ.எஃப். ஷிஃப்டால் பக்கத்துக்காரரை ஓரம் தள்ளலாம். விசிலுக்குத் தனியே நாட்ச் குமிழ் உண்டு. மெதுவாகத் திருப்பினால் ஒரு புள்ளியில் விசில் மறைந்து, பேச்சு மட்டும் நிற்கும். மெனுவுக்குள் தேட வேண்டியது எதுவுமே இல்லை. எனக்கு இதுதான் பெரிய சுகம்.

ஒலிபரப்பில் இரண்டு 6146பி வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்). உள்ளீடு 220 வாட், ஆன்டெனாவுக்குச் சுமார் நூறு வாட். யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்.டி-101இ டிரான்ஸீவரில் இருக்கும் தொலைக்காட்சி வகை வால்வுகளை இன்று தேடி அலைய வேண்டும். 6146பி அந்த அளவுக்குச் சிரமம் தராது. ஆனால் மாற்றினால் நியூட்ரலைசேஷனை, அதாவது வால்வு தானாக அலையத் தொடங்காமல் தடுக்கும் அமைப்பை, சரிபார்த்தே ஆக வேண்டும். பட்டை மாறும்போதெல்லாம் வால்வுகளை ஆன்டெனாவோடு பொருத்தும் பிளேட், லோட் குமிழ்களைச் சரிசெய்ய வேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

குறைகளும் உண்டு. ஏ.எம்., எஃப்.எம். கிடையாது. சிற்றலை வானொலி நிலையங்களைக் கேட்க முடியாது. கணினி இணைப்பு இல்லை. 13 கிலோவுக்கு மேல் கனம்.

வாங்க நினைப்பவர்கள் மோர்ஸுக்கான 500 ஹெர்ட்ஸ் வடிகட்டிகள் உள்ளே இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை தனியாக விற்கப்பட்டவை. வால்வுகளின் நிலைமின்னோட்டம் (அனுப்பும் நிலையில், பேசாதபோது ஓடுவது) 60 மில்லிஆம்பியரில் நிற்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். மூடியைத் திறப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகள் வடிந்த பிறகே கை வையுங்கள். உள்ளே இருப்பது பல நூறு வோல்ட்.