டாட்டூ சூப்பர், முடிச்சு அனுப்புனதுதான் சுமார்

வேளச்சேரி பக்கம் ஒரு மாடி ஸ்டுடியோல போன மாசம் முன்னங்கைல மயில் இறகு போட்டேன், கடை பேர் வேணாம் விடுங்க. வேலை நிஜமாவே சுத்தம், ஊசி பாக்கெட்ட என் கண்ணு முன்னாடிதான் பிரிச்சார், இங்க்கயும் குட்டி கப்ல தனியா ஊத்தி எடுத்தார், லைன் எல்லாம் முடி மாதிரி மெலிசு. மூணு மணி நேரம் ஆச்சு, மணிக்கட்டு கிட்ட வந்தப்ப மட்டும் உயிர் போயிடுச்சு.

கடுப்பு எங்கன்னா, முடிச்சதும் சமையல்கட்டுல பாத்திரம் மூடுற பிளாஸ்டிக் ஃபிலிம சுத்திவிட்டு "நாளைக்கு பிரிச்சுட்டு தேங்கா எண்ணெய் போடுங்க சிஸ்டர்"னு அனுப்பிட்டாங்க. சென்னை வெக்கைல வேர்வை உள்ளயே தேங்கி, ராத்திரி பிரிச்சா கருப்பா வழியுது, பயந்தே போயிட்டேன், அப்புறம் பாத்தா அது மிச்ச இங்க்காம். வாசனை இல்லாத சோப்பு, வெதுவெது தண்ணி, தேய்க்காம ஒத்தி எடுக்கணும், மாய்ஸ்சரைசர் பட்டாணி அளவு போதும்னு ஸ்கின் டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அஞ்சாம் நாள் பாம்பு சட்டை மாதிரி உரிய ஆரம்பிச்சு அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு, சொறியாம லேசா தட்டிக்கிட்டே தூங்குனேன். பாட்டி கைல குத்துன பச்சை இதெல்லாம் இல்லாமலே அறுபது வருஷம் இருந்துச்சுன்னு அம்மா கிண்டல் வேற.

நுனில ரெண்டு இடம் வெளுத்திருக்கு, டச்சப் ஃப்ரீன்னாங்க, அதுக்கு போவேன். வேலைக்கு நாலரை ஸ்டார். ஆறுற வரைக்கும் ஸ்விம்மிங் பூல் வேணாம்னு கூட சொல்லாததுக்கு ரெண்டுதான்.