நாகாசாகி 26 மறைச்சாட்சிகள் அருங்காட்சியகம்: மிதிக்க மறுத்தவர்களும் மிதித்தவர்களும்

நாகாசாகி ரயில் நிலையத்திலிருந்து ஐந்தாறு நிமிட நடையில், சிறிய ஏற்றம் ஒன்றின் மேல் நிஷிசாக்கா பூங்கா இருக்கிறது. 1597 பிப்ரவரி 5 அன்று 26 கிறிஸ்தவர்கள் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்ட குன்று அது. மதத்துக்காக உயிர்விட்ட அவர்களைத்தான் மறைச்சாட்சிகள் என்கிறார்கள். அங்குள்ள நினைவுச்சின்னத்தையும், அதன் பின்னால் உள்ள அருங்காட்சியகத்தையும் பற்றியதே இந்த மதிப்புரை. வேலை நிமித்தம் ஃபுகுவோகாவில் வசிக்கும் நான், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே அடுத்தடுத்து இரண்டு நாள் போனேன். இரண்டாம் முறை போக வேண்டியிருந்ததற்குக் காரணம் அருங்காட்சியகம் அல்ல.

முதல் நாள், ஆங்கிலம் பேசும் வழிகாட்டியுடன் அரைநாள் சுற்றுலா ஒன்றை இணையத்தில் பதிவு செய்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மறைச்சாட்சிகள், தேவாலயங்கள், அணுகுண்டு நினைவிடம் மூன்றையும் நான்கு மணி நேரத்தில் காட்டுவதாக வாக்களித்தவர்கள், சொன்னபடியே காட்டவும் செய்தார்கள். ஆனால் நிஷிசாக்காவுக்கு அவர்கள் ஒதுக்கியது இருபது நிமிடம், அதிலும் பாதி புகைப்படம் எடுப்பதற்குப் போயிற்று. ஒரு கொடுங்கோலன் கோபப்பட்டான், நல்லவர்கள் செத்தார்கள் என்ற அளவில் கதை முடிந்தது. எழுபது வயதுக்காரியான அம்மா மூச்சு வாங்க மேலேறி வந்து உட்காருவதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். இந்த இடத்துக்குக் கூட்டத்தோடும் கடிகாரத்தோடும் போகவே கூடாது என்பது அன்று கற்ற பாடம். மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் போய் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தோம்.

முதலில் வெளியே உள்ள நினைவுச்சின்னத்தைச் சொல்ல வேண்டும். கட்டடத்தையும் வளாகத்தையும் வடிவமைத்தவர் இமாய் கென்ஜி. வெண்கல உருவங்களைச் செய்தவர் சிற்பி ஃபுனாகோஷி யாசுதாகெ. திறக்கப்பட்டது 1962இல், அந்த 26 பேருக்கும் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டு நூறு ஆண்டுகள் நிறைந்தபோது. ஒரே வரிசையில் 26 உருவங்கள் நிற்கின்றன. நிற்கின்றன என்பதுகூடத் தவறு, பாதங்கள் எங்கும் ஊன்றவில்லை. கயிற்றில் தொங்குகிறவர்களுடைய பாதங்களைப் போல விரல்கள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. சிலுவைகளும் இல்லை, ஈட்டிகளும் இல்லை. பெரும்பாலானவர்களின் கைகள் கூப்பியிருக்கின்றன. வரிசையில் திடீரென்று உயரம் குறைகிற இடங்கள் கண்ணில் படும். அவை சிறுவர்களின் உருவங்கள்: லுடோவிக்கோ இபராக்கிக்கு 12 வயது, அந்தோனியோவுக்கு 13, தோமாஸ் கொசாக்கிக்கு 14. கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே போய், அந்தக் கால்களைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஜப்பானைத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்த தொயொதொமி ஹிதெயோஷியின் ஆணைப்படி கியோத்தோவிலும் ஒசாகாவிலும் பிடிக்கப்பட்டவர்கள் 24 பேர். இடது காது மடலை அறுத்து, வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக ஊர்வலம் விட்டு, பிறகு கடுங்குளிரில் சுமார் 800 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள நாகாசாகிக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். வழியில் அவர்களுக்குத் துணையாக வந்த இருவரையும் காவலர்கள் அதே கும்பலில் சேர்த்துக்கொண்டதால் எண்ணிக்கை 26 ஆனது. இவர்களில் 20 பேர் ஜப்பானியர், 6 பேர் வெளிநாட்டவர். அந்த அறுவரில் ஒருவர் நம் நாட்டவர்: மும்பைக்கு அருகில் உள்ள வசாயில் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த கொன்சாலோ கார்சியா. வணிகராக இருந்து மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவர். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளராகத் திரும்பி வந்தவர். குன்றுக்கு வந்து சேர்ந்ததும் தன் சிலுவை எது என்று கேட்டு அதை நோக்கி ஓடியவர்களில் அவரும் ஒருவர் என்பார்கள். லுடோவிக்கோவிடம் அதிகாரி, நீ மதத்தை விட்டால் உயிரோடு என்னுடன் வரலாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார், பையன் மறுத்துவிட்டான்.

ஆனால் என்னை அசைத்தது தோமாஸின் கதை. வில் செய்யும் தொழிலாளியான அப்பா மிகேலும் அவனும் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டார்கள். வழியில் மிஹாராக் கோட்டையில் தங்க வைக்கப்பட்ட இரவில் அவன் தன் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினான். அது பிறகு இறந்த அப்பாவின் உடலில், இரத்தக் கறையோடு கிடைத்தது. தன்னைப் பற்றி வருந்த வேண்டாம், தம்பிகளைப் பார்த்துக்கொள் என்ற வகையில் போகிற அந்தக் கடிதத்தில் வீராவேசம் எதுவும் கிடையாது, வீட்டுக் கவலைதான் இருக்கிறது.

உள்ளே நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 500 யென். காட்சிப்பொருள்கள் காலவரிசையில் செல்கின்றன: கிறிஸ்தவம் வந்த காலம், துன்புறுத்தல் காலம், தலைமறைவுக் காலம். தொடக்கத்திலேயே புனித சவேரியார் 1546இல் போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அவர் மறைபணி செய்த முத்துக்குளித்துறையில் வளர்ந்த எவரும் அதன் முன் நின்றுவிடுவார்கள். அம்மாவும் நின்றார், விரலால் கண்ணாடியைத் தொட்டு முத்தி செய்துகொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆண்டு மே மாதம் மன்னருக்கு எழுதும்போதுதான் சவேரியார் கோவாவில் புனித விசாரணை மன்றம், அதாவது மதக் கொள்கையில் வழுவியவர்களை விசாரித்துத் தண்டிக்கும் திருச்சபை நீதிமன்றம், வேண்டும் என்று கேட்டார் என்பதும், 1560இல் அது வந்து இந்துக்களையும் புதிதாக மதம் மாறியவர்களையும் படுத்திய பாடும் எனக்கு நினைவுக்கு வந்தன. துன்புறுத்தல் என்பது எப்போதும் அடுத்த கட்சிக்காரன் செய்வது என்று எண்ணிக்கொண்டு இந்த அரங்குகளில் நடப்பவர்களுக்கு இது தேவையான எச்சரிக்கை. ஜப்பானிலும் ஓமுரா போன்ற கிறிஸ்தவப் பிரபுக்களின் ஆட்சியில் புத்த ஆலயங்களும் ஷிண்டோ கோவில்களும் எரிக்கப்பட்டன. நாகாசாகித் துறைமுகமே 1580இல் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்புக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸை ஸ்பெயின் விழுங்கியதை ஹிதெயோஷி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 14 வயதுப் பையனைக் கொன்றதற்கு இவற்றில் எதுவும் நியாயமாகாது. ஆயினும் அரசின் அச்சம் வெற்றுக் கிறுக்குத்தனம் அல்ல என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான், அந்த அச்சத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது விளங்கும். முதல் நாள் வழிகாட்டி விட்டுவிட்டது இந்தப் பகுதியைத்தான்.

நான் அதிக நேரம் நின்றது நாக்கவுரா ஜுலியான் என்ற பெயரின் முன். 1582இல் நான்கு ஜப்பானியச் சிறுவர்கள் தூதர்களாக நாகாசாகியிலிருந்து கப்பலேறி, கொச்சி, கோவா வழியாகப் போய் ரோமில் திருத்தந்தையைப் பார்த்து, 1590இல் இளைஞர்களாகத் திரும்பினார்கள். வரும்போது ஓர் அச்சுப்பொறியும் கொண்டுவந்தார்கள். தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானதை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது. இரண்டுமே சேசு சபையாரின் வேலை. அந்த நால்வரில் ஒருவர் நோயில் இறந்தார், ஒருவர் நாடு கடத்தப்பட்டுச் சீனக் கடற்கரையில் உள்ள மக்காவு நகரில் இறந்தார், ஒருவர் சபையை விட்டே விலகினார். குருவானவராகியிருந்த ஜுலியான் மட்டும், 1614இல் நாடு முழுவதும் மதம் தடை செய்யப்பட்ட பிறகும் மறைந்து திரிந்து பணி செய்து, 1633இல் இதே குன்றில், குழிக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டு மூன்றாம் நாள் இறந்தார். அதே நாளில் அதே தண்டனைக்கு உள்ளான இன்னொருவர் ஜப்பானில் சேசு சபைக்குத் தலைவராக இருந்த கிறிஸ்டோவாவ் ஃபெரெய்ரா. ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் அவர் மறுதலித்துவிட்டார். ஜப்பானியப் பெயர் வைத்துக்கொண்டு, தான் போதித்த மதத்தையே மறுத்து நூலும் எழுதினார். ஒரே குழி, ஒரே கயிறு. ஐந்து மணி நேரம் தாங்கியவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி மிதிபடம். ஜப்பானிய மொழியில் ‘ஃபுமி-எ’ என்பார்கள். கிறிஸ்துவின் உருவமோ மாதாவின் உருவமோ பதித்த தகட்டைத் தரையில் வைத்து, ஊரார் ஒவ்வொருவரையும் மிதிக்கச் சொல்லி, யார் தயங்குகிறார்கள் என்று கவனிப்பது. நாகாசாகிப் பகுதியில் இது ஆண்டுதோறும் புத்தாண்டு மாதத்தில், ஏதோ வரி கட்டுவதுபோல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்தது. நான் அம்மாவுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “மிதிச்சவன் மறு வருஷமும் மிதிக்கணுமாய்யா?” ஆமாம் என்றேன். பேரன் காலத்திலும் மிதித்தார்கள் என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

மிதித்தவர்கள் அன்றிரவு வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள் என்பது இந்த வரலாற்றின் உயிர்நாடி. 1603இல் நாகாசாகியில் எழுதப்பட்ட சிறிய நூல் ஒன்று, பாவசங்கீர்த்தனம், அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை, கேட்கக் குருவானவர் இல்லாத இடத்தில், மனம் நொந்து செய்யும் உத்தம மனஸ்தாபமே போதும் என்று கற்பித்தது. குருமார்கள் அனைவரும் கொல்லப்பட்டோ துரத்தப்பட்டோ போன பிறகு, தலைமறைவுக் கிறிஸ்தவர்கள் அந்த நூலைக் கையால் படியெடுத்துப் பாதுகாத்தார்கள். மிதித்துவிட்டு வந்து மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார்கள். நாள்காட்டியைக் கணித்துத் திருநாள்களைச் சொல்ல ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர் என்று ஊருக்குள்ளேயே பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள். வெளியே புத்தக் கோவிலில் பெயர் பதிந்து, வீட்டில் கையில் குழந்தை ஏந்திய கன்னோன் என்ற புத்தமதக் கருணைத் தெய்வத்தின் சிலையை வைத்து மாதாவாக வணங்கினார்கள். ஏழு தலைமுறை இப்படிப் போயிற்று. சாவதற்கு ஒரு நாள் துணிச்சல் வேண்டும் என்றால், இதற்கு ஆண்டுக்கொரு முறை அவமானத்தை விழுங்கிவிட்டு மறுநாள் வயலுக்குப் போகிற துணிச்சல் வேண்டும். வெளியே வெண்கலத்தில் 26 பேர் இருக்கிறார்கள். இவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அருங்காட்சியகத்தின் பெயரே முன்னவர்களுடையது என்பதால் இதைக் குறையாகச் சொல்வது முறையாகாது. என்றாலும் தலைமறைவுக் காலப் பகுதிக்கு வந்து சேரும்போது பார்வையாளர்களுக்குக் கால் ஓய்ந்துவிடுகிறது என்பதால், நேரம் குறைவாக உள்ளவர்கள் அங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரலாம் என்பது என் யோசனை.

அந்தப் பகுதியில் தவற விடக்கூடாத ஒன்று, ‘பனியின் சாந்த்தா மரியா’ என்று அழைக்கப்படும் சிறிய ஓவியம். நாகாசாகிக்கு அருகில் உள்ள சொத்தோமே பகுதியின் தலைமறைவுக் கிறிஸ்தவர்கள் மூங்கில் குழாய்க்குள் சுருட்டி ஒளித்து வைத்திருந்தது. தாளெல்லாம் சிதைந்து, முகமும் கூப்பிய கைகளும் அவிழ்ந்த கூந்தலும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கன்னத்தில் இலேசான சிவப்பு. ஐரோப்பிய மாதா அல்ல, ஜப்பானியப் பெண். நான் பெயர்ப்பலகையைப் படித்துச் சொன்னதும் அம்மா, “நம்ம பனிமய மாதாவாய்யா இது?” என்று கேட்டார். ஆம், அதே பெயர், அதே ஆகஸ்ட் 5 திருநாளின் மாதா. தூத்துக்குடியில் தங்கத் தேரில் இலட்சக்கணக்கானோர் நடுவே வலம் வருகிறவள், இங்கே ஒரு மூங்கில் குழாய்க்குள் இருநூறு ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறாள். அம்மா அந்தக் கண்ணாடிப் பேழை முன்னால் சம்மணமிட்டு உட்காரப் பார்த்தார். காவலுக்கு இருந்த பெண்மணி ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டவருக்காகக் கட்டப்பட்ட ஓவுரா தேவாலயத்துக்கு உராகாமி கிராமத்தவர் சிலர் வந்து, பிரெஞ்சுக் குருவானவர் பெத்தித்ஜானிடம் தங்கள் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்று காதோடு சொல்லி, சாந்த்தா மரியாவின் சிலை எங்கே என்று கேட்டார்கள். பெரும்பாலான நூல்கள் கதையை இந்த இடத்தில் சுபமாக முடித்துவிடுகின்றன. உண்மையில் தடை இன்னும் நீங்கியிருக்கவில்லை, வெளிப்பட்டவர்கள் பிடிபட்டார்கள். 3,000க்கும் மேற்பட்ட உராகாமி மக்கள் நாட்டின் பல மூலைகளுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள், 600க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்ட பிறகு திரும்பி வந்தவர்கள் அந்த ஆண்டுகளை ‘பயணம்’ என்றே குறிப்பிட்டார்கள்.

நடைமுறைத் தகவல்கள் சில. ஃபுகுவோகாவிலிருந்து வருகிறவர்கள் தக்கெயோ ஒன்சென் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். எதிர் நடைமேடைதான், முதியவர்களுக்குச் சிரமமில்லை. குன்றின் ஏற்றம் குறுகியது என்றாலும் செங்குத்தானது; முழங்கால் வலி உள்ளவர்கள் வாடகைக் காரில் மேலே வந்து, இறங்கும்போது நடக்கலாம். பக்கத்தில் உடைந்த பீங்கான் துண்டுகள் பதித்த இரட்டைக் கோபுரங்களோடு இமாய் கட்டிய தேவாலயம் இருக்கிறது, அதையும் பார்க்கலாம். நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரைநாள் சுற்றுலாவுக்கு ஒன்றரை.

பிற்பகல் மீதமிருந்தால் டிராம் ஏறி உராகாமி பேராலயத்துக்குப் போய்விடுங்கள். நாடு கடத்தலிலிருந்து திரும்பிய மக்கள், ஆண்டுதோறும் தாங்கள் மிதிபடம் மிதித்த ஊர்த்தலைவர் வீட்டு மனையைக் காசு சேர்த்து வாங்கி, 1895இல் தொடங்கி 1914இல் அங்கே தேவாலயம் கட்டி முடித்தார்கள். 1945 ஆகஸ்ட் 9 அன்று குண்டு அதற்குச் சுமார் 500 மீட்டர் தூரத்தில் வெடித்தது. இப்போது இருப்பது அதே மனையில் திரும்பக் கட்டியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி இருக்கும். வாசற்படியில் ஏறுவதற்கு முன் அம்மா செருப்பைக் கழற்றினார். இங்கே அது தேவையில்லை அம்மா என்றேன். அவர் கழற்றிய செருப்பைச் சுவரோரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறிப் போனார்.