செப்டம்பர் 30-க்கு முன்னா, பின்னா? கனூவில் மூன்று நாள் மீன்பிடிக்க எந்தக் காடு?

டொராண்டோவில் இருந்துகொண்டு, இலை பழுக்கும் காலத்தில் மூன்று நாலு நாள் விடுப்பெடுத்து, கனூவில், அதாவது துடுப்புப் போடும் ஒடுக்கமான படகில், காட்டுக்குள் போய் மீன்பிடித்துத் திரும்ப வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ஏரி என்றுதான். அல்கோன்குவினா, ஃப்ரெஞ்ச் ரிவரா, இல்லை ஒரேயடியாக மேற்கே குவெட்டிக்கோ, பவுண்டரி வாட்டர்ஸ் பக்கம் போய்விடலாமா என்று பேச்சு ஓடும். என்னைக் கேட்டால் ஏரி அப்புறம், முதலில் தேதியைச் சொல்லுங்கள் என்பேன். செப்டம்பர் 30-க்கு முன் போகிறீர்களா, பின் போகிறீர்களா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

அன்றோடு அல்கோன்குவினில் லேக் ட்ரவுட், ப்ரூக் ட்ரவுட் என்ற இரண்டு குளிர்நீர் மீன்களுக்கும் சீசன் முடிகிறது. மினசோட்டாவில் இருக்கும் பவுண்டரி வாட்டர்ஸிலும் லேக் ட்ரவுட்டுக்கு அதே நாள்தான் கடைசி. கோடை முழுவதும் ஆழத்துக் குளிரில் கிடந்த லேக் ட்ரவுட், மேல்நீர் குளிரக் குளிர மேலே ஏறி வரும். அக்டோபரில் நீர் 10 டிகிரிக்கு அருகில் வந்ததும் பாறைத் திட்டுகளில் இரவில் முட்டையிடும். ப்ரூக் ட்ரவுட், அடியிலிருந்து நிலத்தடி நீர் ஊறும் சரளைப் பரப்பைத் தேடிப் போகும். அந்த வாரங்களில் இரண்டும் கரையோரம் கூட்டமாக, சுலபமாகக் கிடைக்கும் நிலையில் இருக்கின்றன, அதனால்தான் தடை. பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவேன் என்பதும் செல்லாது. ஒன்டாரியோவில் மூடிய சீசனில் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்த விதி. அந்த ஏரிகளின் ட்ரவுட் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவை, குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் பெருகும். முட்டையோடு ஒரு தாய் மீனைத் தூக்கினால் அந்த இடம் நிரம்ப வருடக்கணக்காகும்.

சரி, செப்டம்பர் கடைசி வாரத்தில் விடுப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், அல்கோன்குவின்தான். 1893-இல் தொடங்கிய, ஒன்டாரியோவின் மிகப் பழைய மாகாணப் பூங்கா, 2,400-க்கு மேல் ஏரிகள், டொராண்டோவிலிருந்து மேற்கு வாசலுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். மூன்று நாள் பயணத்தில் இந்த மூன்று மணி நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. விடிகாலை கிளம்பினால் மதியத்துக்குள் தண்ணீரில் இருக்கலாம், மாலைத் தூண்டிலே கிடைத்துவிடும். ஸ்மோக் ஏரியிலிருந்து ரேகட் (Ragged) ஏரிக்குப் போர்ட்டேஜ், அதாவது கனூவைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம், 240 மீட்டர், கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்கு 295 மீட்டர். கனூவைத் தோளில் வைத்து நடக்கப் பழகாதவர்கள்கூடச் சமாளித்துவிடலாம். போர்ட்டேஜுக்கு மஞ்சள் பலகை, கேம்ப்சைட்டுக்கு ஆரஞ்சுப் பலகை என்று எல்லாம் தெளிவாக இருக்கும், வழி தேடிப் பகலை வீணாக்க வேண்டியதில்லை.

மீன் விஷயத்திலும் அந்த வாரம் தனி. கோடையில் 20, 25 மீட்டர் ஆழத்தில் தேட வேண்டிய லேக் ட்ரவுட் மேலே வரத் தொடங்கியிருக்கும், சில ஏரிகளில் அதிகாலையில் பாறை முனைகளை ஒட்டியே கடிக்கும். கனூவின் பின்னால் ஸ்பூனை (மின்னும் உலோகத் தகடு இரையை) இழுத்துக்கொண்டு மெதுவாகத் துடுப்பு போட்டாலே போதும். ஆனால் உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோகக் கூடாது, அல்கோன்குவினில் அது முழுத் தடை; வெளியிலிருந்து வரும் மீன் ஒன்று தப்பி ஓடினாலும் ப்ரூக் ட்ரவுட் ஏரி கெட்டுவிடும்.

இந்தத் தெரிவில் எனக்கு உறுத்துவது கூட்டம். மேப்பிள் சிவந்து நிற்கும் நேரம் அதுதான், செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும் நெடுஞ்சாலை 60 கார்களால் நிரம்பும், சனி ஞாயிறுக்கு உட்காட்டு பெர்மிட் கிடைப்பதே கஷ்டம். ஐந்து மாதம் முன்பே பதிவு திறந்துவிடுகிறது, அதனால் ஏப்ரல் கடைசியிலேயே பிடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிறு மதியம் உள்ளே போய் புதன் வெளியே வருவது மாதிரி வையுங்கள். அந்த வாரத்தின் வார நாட்களும் வாரக்கடைசியும் இரண்டு வேறு காடுகள் போல இருக்கும்.

அக்டோபர்தான் முடியும், தேங்க்ஸ்கிவிங் நீள்விடுமுறையோடு சேர்த்துத்தான் போக முடியும் என்பவர்களுக்கு என் பதில் மாறும். அப்போதும் அல்கோன்குவின் அழகுதான், ஆனால் தூண்டிலுக்கு மிஞ்சுவது முக்கியமாக ஸ்மால்மவுத் பாஸ். நீர் 10 டிகிரிக்குக் கீழே போகப் போக அது மந்தமாகிவிடும். ஆழமான பாறைச் சரிவுகளில் கூட்டமாக ஒதுங்கும், டியூப் ஜிக்கை (ஈயத்தலைக் கொக்கியில் மாட்டிய ரப்பர் இரையை) அடியில் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார வேண்டும். ஒன்று கிடைத்த இடத்தில் இன்னும் நாலு இருக்கும் என்பது உண்மை, ஆனால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடலாம். மூன்று நாளில் ஒரு நாள் என்பது பெரிய விலை. காட்டைப் பார்க்கத்தான் போகிறேன், மீன் கிடைத்தால் சரி என்பவருக்கு அது பரவாயில்லை. சட்டியில் மீன் விழ வேண்டும் என்பவருக்கு நான் ஃப்ரெஞ்ச் ரிவரைத்தான் சொல்வேன்.

ஃப்ரெஞ்ச் ரிவர், நிப்பிசிங் ஏரியிலிருந்து ஜார்ஜியன் பே வரை சுமார் 110 கிலோமீட்டர் ஓடுகிறது, 1986-இல் கனடாவின் முதல் பாரம்பரிய நதியாக அறிவிக்கப்பட்டது. டொராண்டோவிலிருந்து நெடுஞ்சாலை 69 பாலத்துக்குச் சுமார் நாலு மணி நேரம், அல்கோன்குவினைவிட ஒரு மணி நேரம் கூட. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது என்ன என்றால் வாலாய், பைக் இரண்டும். இரண்டுக்கும் அக்டோபரில் சீசன் திறந்திருக்கும், இரண்டும் குளிரில் சோர்ந்துபோகாத மீன்கள், குளிர்காலத்துக்கு முன் நன்றாகத் தின்னும். வாலாய்க்கு மங்கிய வெளிச்சம் பிடிக்கும். அக்டோபர் நடுவில் மாலை ஆறரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடுவதால் அது கடிக்கும் நேரமும் நீங்கள் கேம்ப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. கரைப்பாறையில் நின்றபடியே ஜிக் போடலாம். ஜூலையில் வாலாய்க்காக இரவு பத்து மணி வரை தண்ணீரில் கிடக்க வேண்டியிருக்கும், அந்த வேலை இங்கே இல்லை.

இன்னொரு வசதி, போர்ட்டேஜ் குறைவு. கனூ இறக்கும் இடமான ஹார்ட்லி பேயிலிருந்து மேற்கே கழிமுகப் பக்கம் பெரும்பாலும் தூக்கி நடக்காமலே போகலாம். அதனால் வாடகைக் கனூவில் எடை குறைந்த கெவ்லார்தான் வேண்டும் என்று அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அல்கோன்குவினில் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன், 18, 20 கிலோவுக்கும் 34 கிலோ அலுமினியத்துக்கும் உள்ள வித்தியாசம் முதல் போர்ட்டேஜிலேயே முதுகுக்குத் தெரியும். குறை என்றால் மோட்டார் படகுகள். கோடையில் அவை தொல்லைதான், அக்டோபர் நடுவில் வெகுவாகக் குறைந்துவிடும், ஆனாலும் ஆளே இல்லாத காடு என்ற உணர்வு அல்கோன்குவின் உள்ளேரிகளில் கிடைக்கும் அளவுக்கு இங்கே கிடைக்காது. ஜார்ஜியன் பேயின் திறந்த வாய்வரை போக ஆசைப்படாதீர்கள். இலையுதிர்காலக் காற்றில் அந்தத் தண்ணீர் கனூவுக்கானது இல்லை.

மேற்கே இருக்கும் இரண்டுக்கும் வருகிறேன். குவெட்டிக்கோ ஒன்டாரியோவில், பவுண்டரி வாட்டர்ஸ் எல்லைக்கு அந்தப்பக்கம் மினசோட்டாவில், இரண்டும் ஒட்டியே கிடக்கும் ஏரிக்காடு. மீனுக்கு இவற்றை மிஞ்ச ஆளில்லை என்றே சொல்வேன், ஒரே பயணத்தில் வாலாய், பைக், ஸ்மால்மவுத், லேக் ட்ரவுட் நாலும் கிடைக்கக்கூடிய நீர். அமெரிக்கப் பக்கத்தில் இன்னொரு பெரிய ஈர்ப்பு உண்டு: மே 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் அங்கே ஒதுக்கீட்டு பெர்மிட், அக்டோபர் 1-லிருந்து முன்பதிவு கிடையாது, நாமே எழுதி எடுத்துக்கொள்ளும் பெர்மிட் போதும். ஆறு மாதம் முன்பே திட்டம் போட முடியாதவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி! கேம்ப்சைட்டில் இரும்பு அடுப்புத் தட்டும் கழிப்பிடமும் இருக்கும். குவெட்டிக்கோவில் அதெல்லாம் இல்லை, போர்ட்டேஜுக்கும் பலகை இல்லை, வரைபடம் பார்த்துப் போகத் தெரிந்திருக்க வேண்டும்; செயற்கை இரையும் முள் இல்லாத கொக்கியும்தான் அனுமதி, குறட்டால் முள்ளை நசுக்கிக்கொண்டு போங்கள்.

ஆனால் டொராண்டோக்காரருக்கு இது குறும்பயணம் இல்லை. தண்டர் பேக்கு விமானம், அங்கிருந்து குவெட்டிக்கோவின் ஃப்ரெஞ்ச் ஏரிக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கார், சாமான் வாடகை, திரும்பி வர இன்னொரு நாள். பவுண்டரி வாட்டர்ஸ் என்றால் டுலூத் வழியாக ஈலி போய்ச் சேர வேண்டும், காரில் போனால் போக வர நாலு நாள் சாலையிலேயே போய்விடும். கனடாவில் பி.ஆர் (நிரந்தர வதிவிட உரிமை) மட்டும் இருந்து இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசாவும் வேண்டும், அதைக் கடைசி மாதத்தில் நினைத்தால் நடக்காது. தண்ணீரில் மட்டுமே ஐந்து முழு நாள் கிடைக்கும் என்றால் போங்கள், அப்போது அது மற்ற இரண்டையும் அடித்துவிடும். மினியாபொலிஸில் இருக்கும் நம்மவர்களுக்குக் கணக்கே வேறு, அவர்கள் அக்டோபர் முதல் வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஈலிக்கு வண்டியைத் திருப்பலாம். அந்தப் பகுதியில் வேட்டைக்கு அனுமதி உண்டு, போர்ட்டேஜில் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டு நடங்கள்.

எந்த இடமானாலும் முடிவை மாற்ற வேண்டிய ஒரு விஷயம் குளிர்நீர். காற்று வெயிலோடு 18 டிகிரி காட்டும், தண்ணீர் 9 டிகிரியில் இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்கைப் பரப்பியிருக்கிறார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக இரைக்கும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் வரைதான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காது, முதல் பதினோரு நிமிடத்திலேயே முடிந்துவிடும். சட்டப்படி படகில் இருந்தால் போதும், ஆனால் அக்டோபரில் படகில் கிடக்கும் ஜாக்கெட்டால் ஒரு பயனும் இல்லை, தயவுசெய்து போட்டே இருங்கள். அதனால்தான் அல்கோன்குவினின் ஓபியோங்கோ மாதிரிப் பெரிய ஏரியை இந்தப் பருவத்தில் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. மதியத்தில் காற்று எழுந்தால் நடு ஏரியில் அலை கனூவின் விளிம்பைத் தொடும், அங்கே வாட்டர் டாக்ஸி (கனூவோடு ஏற்றிப்போகும் மோட்டார் படகு) வைத்துக்கொள்வது நல்ல செலவு. சின்ன ஏரி, கரையை ஒட்டிய பாதை, ஒரே இடத்தில் இரண்டு இரவு, மூன்று நாளுக்கு அதுதான் சரியாக வரும். தினம் கேம்ப் மாற்றினால் பதினோரு மணி நேரப் பகலில் டென்ட் பிரிப்பதும் அடிப்பதும்தான் நடக்கும்.

சாமானில் இரண்டு விஷயம் மட்டும். பல இழை பின்னிய பிரெய்ட் நூல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உறைபனிக் காலையில் தூண்டில் கோலின் வளையங்களில் கட்டியாகும், ஒற்றை இழை மோனோ நூல் சுற்றிய ஒரு ஸ்பூலையும் எடுத்துப்போங்கள். அப்புறம் டின் மீன். நம்மில் பாதிப் பேர் முதலில் மூட்டையில் வைப்பது அதைத்தான், ஆனால் அல்கோன்குவின், குவெட்டிக்கோ, பவுண்டரி வாட்டர்ஸ் மூன்றின் உட்காட்டிலும் உணவு டின்னுக்கும் கண்ணாடிப் போத்தலுக்கும் தடை. அரிசி, பருப்பு, கருவாடு, ரசப்பொடி, சின்னப் பையில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் எடுத்தால் போதும். கருவாட்டை இரண்டு பைக்குள் இறுக்கிக் கட்டி, இரவில் மற்றச் சாப்பாட்டோடு சேர்த்து டென்ட்டிலிருந்து தூரத்தில், கரடிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்; குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடி பசியோடு அலையும் மாதங்கள் இவை. பிடித்ததில் நடுத்தர அளவு வாலாயைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுங்கள், பெரிய மீனில் பாதரசம் கூடுதல், முட்டையிட்டுப் பெருகவும் பெரிய மீன்தான் தேவை.

லைசென்ஸை மறக்க வேண்டாம், 18 வயதிலிருந்து 64 வரை ஒன்டாரியோவில் கட்டாயம். ஸ்போர்ட், கன்சர்வேஷன் என்று இரண்டு வகை, குறும்பயணத்துக்குக் குறைந்த எண்ணிக்கை அனுமதிக்கும் கன்சர்வேஷனே தாராளம். சீசன் தேதிகள் வலயத்துக்கு வலயம் மாறும், சில ஏரிகளுக்குத் தனி விதியும் உண்டு, அதனால் போகும் வருடத்து விதித்தொகுப்பில் உங்கள் ஏரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே பெர்மிட்டுக்குப் பணம் கட்டுங்கள்.