சிபிசியா, சிசிஎஸ்ஸா: எதற்குப் பணம் கட்டலாம்?

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பி.எஸ்ஸி. முடித்து, திருச்சியில் மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான கோடுகளாக மாற்றும்) வேலை தேடுபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டும் இந்த வேலைக்கான அமெரிக்கச் சான்றிதழ் தேர்வுகள். எந்த சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவை, கையில் எடுக்கப் போகிறீர்கள் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

லேப்ராஸ்கோப்பியில் அப்பெண்டிக்ஸை எடுத்த ஒரு கேஸ். ஏஏபிசி என்ற அமைப்பு நடத்தும் சிபிசிக்கு மருத்துவர் தரப்பு பில்தான் முக்கியம். ஆபரேஷனுக்கு சிபிடி (மருத்துவர் செய்யும் சிகிச்சைகளுக்கான கோடு தொகுப்பு) 44970, முடிந்தது. அஹிமா என்ற அமைப்பு நடத்தும் சிசிஎஸ்ஸுக்கு உள்நோயாளி கோடிங்கும் வேண்டும். அங்கே ஐசிடி-10-பிசிஎஸ் என்ற உள்நோயாளி சிகிச்சைக் கோடு தொகுப்பில், கோடின் ஏழு இடங்களையும் நாமே நிரப்ப வேண்டும். மூன்றாவது இடம் என்ன செய்தார்கள் என்பது, நான்காவது எந்த உறுப்பு, ஐந்தாவது எந்த வழி. அப்பெண்டிக்ஸுக்குத் தனி உறுப்பு மதிப்பு உண்டு, ஆகவே முழுதாக எடுத்தால் ரிசெக்‌ஷன். குடலில் ஒரு துண்டுதானே என்று எக்ஸிஷன் போட்டால் கோடே தப்பு.

இன்னொரு பொறி, ‘ப்ராபபிள் நிமோனியா’, அதாவது நிமோனியாவாக இருக்கலாம் என்ற குறிப்பு. உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படி இருந்தால் நிமோனியாவையே கோடு செய்யலாம். புறநோயாளிக்குக் கூடாது, இருமல், காய்ச்சலோடு நிறுத்த வேண்டும். ஓபி சார்ட்டிலேயே பழகியவர்கள் சிசிஎஸ்ஸில் சறுக்குவது இங்கேதான்.

இரண்டுக்கும் நான்கு மணி நேரம், இரண்டிலும் கோடு புத்தகம் பார்க்கலாம். சிபிசியில் 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடிதான், அதையும் பக்கம் புரட்டுவதே தின்றுவிடும். புத்தகத்தில் பக்கம் அடையாளம் காட்டும் டேப் ஒட்டலாம், கையால் குறிப்பு எழுதலாம். தாள் ஒட்டினால் சிக்கல். சிசிஎஸ்ஸில் கொள்குறி வினாக்களோடு, விடைகள் கொடுக்காத மருத்துவக் கேஸ்களும் வரும். ஊகித்துத் தப்ப வழியில்லை.

சிபிசியை வீட்டிலிருந்தே எழுதலாம். லேப்டாப் கேமரா போதாது, தனி வெப்கேம் வேண்டும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையையும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையையும் பார்த்துத் தேதி எடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டரை அந்த லைனில் சேர்க்காமல் கோட்டை விடுவது வழக்கம்.

அனுபவமில்லாமல் சிபிசி தேறினால் பெயருக்குப் பின்னால் ‘ஏ’ ஒட்டிக்கொள்ளும், அப்ரென்டிஸ் என்று அர்த்தம். இரண்டு வருட வேலைச் சான்று கொடுத்தால் அது போகும். 80 மணி நேரக் கோடிங் படிப்பை ஒரு வருடமாகக் கணக்கிடுவார்கள், மீதிக்கு வேலை. ‘ஏ’ இருந்தாலும் புதியவருக்கு சிபிசியே சரி. சிசிஎஸ்ஸை உள்நோயாளி சார்ட்டில் கை பழகிய பிறகு தொடுங்கள். புதுப்பிக்க இரண்டு வருடத்துக்கு சிபிசிக்கு 36 சிஇயு (தொடர் கல்விப் புள்ளி), சிசிஎஸ்ஸுக்கு 20.