நெட்பாக்ஸுக்கு முன்னால் ஓர் ஏபிஐ: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் குழுவில் புதிய சர்வர் ஒன்று வந்தால் அதன் பெயர், ரேக்கில் இடம், ஐபி முகவரி, விலான் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு), எந்த ஸ்விட்சின் எந்தப் போர்ட் என எல்லாம் நெட்பாக்ஸில், அதாவது நெட்வொர்க் கருவிகளையும் முகவரிகளையும் பதிந்து வைக்கும் மென்பொருளில், பதிவாகும். மற்றக் குழுக்கள் எங்களுக்காகக் காத்திருக்காமல் தாங்களே கேட்டுப் பெறட்டும் என்று, நெட்பாக்ஸின் ரெஸ்ட் ஏபிஐக்கு (நிரல்கள் வலைவழியே அதனுடன் பேசும் வாயிலுக்கு) முன்னால் சிறிய ஏபிஐ ஒன்றை எழுதினோம். பல பதிப்பு மாற்றங்களைத் தாண்டி அது ஓடுகிறது.

டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் உருவாகி 2016இல் திறந்த மூலமாக வெளிவந்த மென்பொருள் நெட்பாக்ஸ். ஜாங்கோ என்ற வலைச் சட்டகமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும்தான் அடித்தளம். திரையில் உள்ள சரிபார்ப்பு ஏபிஐக்கும் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்தது. ரேக்கில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கும் இடத்தில் இன்னொரு கருவியை வைக்கப் பார்த்தால் 400 பிழை வரும். எந்தப் புலத்தில் கோளாறு என்றும் சொல்லிவிடும். ஸ்கிரிப்ட் எழுதுபவர் விதிகளைச் சுற்றிப் போக வழியில்லை.

ஐபி ஒதுக்கீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிஃபிக்ஸில் (ஐபி முகவரிகளின் தொகுதியில்) உள்ள முகவரிகளைப் பட்டியலிட்டு, காலியானதைக் கண்டுபிடித்து, பிறகு பதிவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. இரண்டு பைப்லைன்கள் (தானியங்கி வேலைத் தொடர்கள்) ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டும் ஒரே முகவரியைத் தேர்ந்தெடுத்துவிடக்கூடும். நெட்பாக்ஸில் பிரிஃபிக்ஸின் கீழே ‘அவைலபிள் ஐபிஸ்’ என்று தனி முனை (ஏபிஐயில் கோரிக்கை அனுப்பும் இடம்) இருக்கிறது. அதற்கு போஸ்ட் (புதிதாகப் பதியும் கோரிக்கை) அனுப்பினால் தேர்வும் பதிவும் ஒரே அடியில் முடியும். உள்ளே போஸ்ட்கிரெஸ் பூட்டு ஒன்று கோரிக்கைகளை வரிசையில் நிறுத்துகிறது. கேட்ட அளவுக்கு இடமில்லை என்றால் 409 பிழை வரும். துணை பிரிஃபிக்ஸுக்கும், விலான் குழுவுக்கும் இதே வசதி உண்டு.

எங்கள் ஏபிஐயின் வடிவத்தை இதைப் பார்த்துத்தான் தீர்மானித்தோம். அட்டவணைகளை அப்படியே திறந்துவிடவில்லை. ‘இந்தத் தளத்தில், இந்தப் பணிக்கு ஒரு சர்வர்’ என்பதே ஒரு கோரிக்கை. உள்ளே அது பல படிகள்: கருவி, அதன் இன்டர்ஃபேஸ், ஐபி, பிறகு அந்த ஐபியை முதன்மை முகவரியாக்க மறுபடி ஒரு பேட்ச் (இருக்கும் பதிவைத் திருத்தும் கோரிக்கை). மொத்தமாக அனுப்பும் கோரிக்கை முழுதும் நிறைவேறும் அல்லது எதுவும் நிறைவேறாது என்ற உறுதி ஒரே வகைப் பொருள்களுக்குத்தான் உண்டு. வெவ்வேறு வகைப் பொருள்களைத் தொடும் இந்தப் படிகளைச் சேர்த்துக் கட்ட நெட்பாக்ஸின் வழக்கமான ரெஸ்ட் முனைகளில் வழி இல்லை. அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாளச் சாவி வைத்து, அதைக் கஸ்டம் ஃபீல்டில் (நாமே சேர்த்துக்கொள்ளும் புலத்தில்) எழுதுகிறோம். பாதியில் அறுந்து மறுபடி வந்தால், முதலில் அந்தச் சாவியைத் தேடி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம். இதை முதல் நாளிலேயே கட்டுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

பதிப்பு உயர்த்தும் வேலை எளிதல்ல. நெட்பாக்ஸ் 2.9இல் டேக்குகள் (பதிவுகளில் ஒட்டும் குறிச்சொற்கள்) வெறும் எழுத்துச் சரங்களாக இல்லாமல் பொருள்களாயின. 3.6இல் கருவியின் ‘டிவைஸ் ரோல்’ புலம் ‘ரோல்’ ஆனது. பழைய பெயர் 4.0இல் போனது. 4.2இல் பிரிஃபிக்ஸின் ‘சைட்’ போய் ‘ஸ்கோப்’ வந்தது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு, ஆனால் நேரடியாக நெட்பாக்ஸை அழைக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் தொட வேண்டியிருக்கும். எங்களிடம் இந்தப் பெயர் மாற்றமெல்லாம் ஒரே கோப்பில் அடங்கியது. எங்கள் ஏபிஐயை அழைப்பவர்கள் எதையும் மாற்றவில்லை. நடுவில் ஓர் அடுக்கு தேவையா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். 3.5 முதல் ஓபன்ஏபிஐ 3 ஸ்கீமா (ஏபிஐயின் முனைகளையும் புலங்களையும் விவரிக்கும் கோப்பு) கிடைக்கிறது. உயர்த்தும் முன் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் பெரும்பாலான மாற்றங்கள் அங்கேயே தெரிந்துவிடும்.

வேகத்துக்கு ஒரு குறிப்பு: கருவிகளின் பட்டியலை எடுக்கும்போது கான்ஃபிக் கான்டெக்ஸ்ட்டை (கருவிக்கான அமைவுத் தரவை) விலக்கிவிடுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு பக்கத்துக்கு இயல்பாக 50 பதிவுகள்தான் வரும், உச்சம் 1000. அறிக்கைகளுக்கு 3.0இல் வந்த கிராஃப்கியூஎல் (வேண்டிய புலங்களை மட்டும் கேட்டுப் பெறும் வினவல் மொழி) போதும். அது படிக்க மட்டும்.

டோக்கனை (ஏபிஐயை அழைக்கும் அனுமதிச் சாவியை) சேவைக்கு ஒன்றாகத் தனிப் பயனர் பெயரில் கொடுங்கள், படிக்க மட்டுமே தேவைப்படும் சேவைக்கு எழுதும் உரிமையை அணைத்துவிடுங்கள். மாற்றப் பதிவில் முன்னும் பின்னும் இருந்த நிலை, செய்தவர் பெயரோடு நிற்கும். நள்ளிரவில் ஒரு முகவரி ஏன் மாறியது என்று தேடும்போது நாங்கள் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.