4எச்-இல் மாட்டிக்கொள்ளும் பக்கி: ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு ஃபோர் பை ஃபோர் எப்படி இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்கு 'பக்கி' என்றுதான் பேர். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவுக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டர்பனுக்கு வடக்கே வெரூலம், டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டப் பாதை, சானி பாஸ் மலைப்பாதை ஏற்றம், படகு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு கடலோரம் என்று எல்லா வேலையும் அதன் தலையில்தான். கிலோமீட்டர் லட்சத்தைத் தாண்டிய ஃபோர் பை ஃபோர் பக்கியில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: 4எச்-இல் (நாலு சக்கர இயக்கம்) போட்டது 2எச்-க்குத் (பின்சக்கரம் மட்டும்) திரும்ப மாட்டேன் என்கிறது. உடனே 'ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என்ஜின் சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லேசில் போகிற சாமான் இல்லை. அதைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் முறுக்கு. ஹைலக்ஸ், இசுஸு கேபி, ரேஞ்சர் போன்ற வண்டிகளில் வழக்கமாக வருவது பார்ட்-டைம் ஃபோர்-வீல், அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும் வகை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் டிஃப்ரன்ஷியல் (வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீளமான தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் ஈரப் புல்லிலும் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்காது, ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். பல்லோடு பல் அழுந்திக் கிடக்கும்போது உள்ளே இணைப்பை மாற்றும் ஸ்லீவ் வளையம் எப்படி நகரும்? புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் பக்கம் சேற்றில் நிறுத்தியவர் 4எச் போட்டு வெளியே வருவார். தாரில் ஏறி இரண்டு முனை திரும்பியதும் ஸ்டியரிங் கனக்கும், லீவர் அசையாது. அங்கே எதுவும் உடைந்திருக்காது.

வந்த வளைவிலேயே 5 முதல் 10 மீட்டர் பின்னால் வாருங்கள். ஏறிய முறுக்கு வந்த வழியே இறங்கும். பிறகு நேராக மெதுவாக உருட்டி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த அந்த நொடியில் 2எச்-க்குத் தள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் இடப்பக்கச் சக்கரங்களைச் சாலையோரப் புல்லில் இறக்கிச் சில மீட்டர் ஓட்டினால் போதும். 4எல்-இல் (மெதுவான, அதிக இழுவைக்கான நாலு சக்கர நிலை) மாட்டியிருந்தால் வண்டியை முழுசாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்ட பிறகுதான் முயல வேண்டும். லீவரை முழங்காலால் இடிப்பவர்கள் உண்டு. ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கை வளைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

நேர் சாலையிலும் இது அடிக்கடி நடந்தால் டயரைப் பாருங்கள். 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. முன்னால் 5 மி.மீ. தேய்ந்த ஜோடி, பின்னால் புது ஜோடி என்றால் ஒரு சுற்றுக்கு 31 மி.மீ. வித்தியாசம். கிலோமீட்டருக்குச் சுமார் 410 சுற்று, அதாவது ஒரு கிலோமீட்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் 13 மீட்டர் வரை இழுபறி. காசை மிச்சம் பிடிக்க இரண்டிரண்டாக டயர் மாற்றும் பழக்கம் இங்கேதான் கடிக்கும். மணலுக்காக இறக்கிய காற்றை முன்னும் பின்னும் சரியான அளவுக்குத் திரும்பப் பிடிக்காமல் தாரில் ஏறுவதும் இதே வம்புதான்.

அடுத்து, நிஜமாகவே மாட்டியிருக்கிறதா, விளக்கு மட்டும் எரிகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2எச் போட்டு, என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இரண்டு முன்சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னச்சுக்குப் போகும் தண்டான முன் ப்ரொப்ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள். தாராளமாகச் சுற்றினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் விடுபட்டுவிட்டது, கோளாறு விளக்கை எரியவைக்கும் பொசிஷன் சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. விரலகலம் ஆடி 'டக்' என்று நின்றால் உள்ளே இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. பத்து நிமிஷச் சோதனை இது. இதைச் செய்யாமல் பாகம் வாங்கப் போவது வீண் செலவு.

முன்னச்சில் தனியாக ஒரு விடுவிப்பு (சக்கரத்துக்கும் அச்சுக்கும் உள்ள பிடிப்பைப் பிரிக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்னச்சு இரண்டுமே பூட்டியிருந்தால்தான் முறுக்கு ஏறும். இரண்டில் ஒன்று விடுபட்டிருந்தாலும் தாரில் வீடு வந்து சேரலாம். கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் கூடுதல் டீசல், அவ்வளவுதான். முன்சக்கர நடுவில் கையால் திருப்பும் ஹப் உள்ள பழைய வண்டிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்: இரண்டு ஹப்பையும் ஃப்ரீயில் திருப்பி, ஓரிரு மீட்டர் பின்னால் வந்தால் முடிந்தது.

லீவருக்குப் பதில் சுவிட்சால் மாற்றும் வண்டிகளில் வருஷம் ஏற ஏறப் பழுதாவது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மேல் உட்கார்ந்து இணைப்பை மாற்றும் ஆக்சுவேட்டர் மோட்டார். காரணம் அதிக உபயோகம் அல்ல, உபயோகமே இல்லாதது. டர்பன் உப்புக் காற்றில் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் சுவிட்சைத் திருப்பினால், உள்ளே கிரீஸ் மெழுகாகி, செப்புத் தகடுகளில் பாசி நிறத்தில் களிம்பு ஏறியிருக்கும். ஓடிச் சூடான ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆற்றுத் தண்ணீரில் திடீரென்று இறங்கும்போது உள்காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுவது இன்னொரு காரணம். காற்று போய்வரும் ப்ரீதர் குழாயை என்ஜின் அறை உயரத்துக்கு நீட்டிவிடுவது மலிவான காப்பு.

சோதிக்கும் வரிசை இது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள், பலவீனமான பேட்டரியில் மோட்டார் பாதி வழியில் நின்றுவிடும். அப்புறம் ஃபியூஸ். பிறகு ஒருவர் சுவிட்சைத் திருப்ப, இன்னொருவர் கீழே காது கொடுக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் கரண்ட் வரவில்லை அல்லது மோட்டார் செத்துவிட்டது. ஒரே ஒரு 'டிக்' என்றால் இறுகியிருக்கிறது. முழுசாக இரைந்தும் மாறாவிட்டால் உள் பல்சக்கரம், ஃபோர்க், இல்லையென்றால் மேலே சொன்ன முறுக்கு.

கனெக்டரைக் கழற்றி, பச்சை படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். சுவிட்சைத் திருப்பும்போதே மோட்டாரின் இரண்டு தடித்த வயரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில நொடிதான் 12 வோல்ட் வரும். முயன்று தோற்ற கண்ட்ரோல் யூனிட் அதோடு கைவிட்டுவிடும் என்பதால், இக்னிஷனை அணைத்து ஒரு நிமிஷம் விட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும். வோல்ட் வந்தும் மோட்டார் அசையாவிட்டால் மோட்டாரைக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஷாஃப்ட் நிற்கும் நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது திண்டாட்டம். வெளியே எடுத்து, நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரண்ட் கொடுங்கள். வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். தயங்கித் தயங்கிச் சுற்றினால் பிரித்துக் கழுவி, புது கிரீஸ் வைத்தாலே பல சமயம் பிழைத்துக்கொள்ளும். சில வகைகளில் மோட்டாரை எடுத்தபின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்டை ஸ்பானரால் திருப்பியே 2எச்-க்குக் கொண்டுவரலாம். காட்டுவழியில் நின்றவருக்கு அது போதும்.

காற்றை உறிஞ்சும் இழுப்பால் முன்னச்சை இணைத்துப் பிரிக்கும் வேக்யூம் வகையில் கதை வேறு. முன்னச்சு டயஃப்ரத்தை (ரப்பர் சவ்வு) இழுப்பது, மின்சாரத்தால் திறந்து மூடும் இரண்டு சோலினாய்டு வால்வும் விரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாய்களும். என்ஜின் சூட்டில் குழாய்களின் முனைதான் முதலில் வெடிக்கும். முனையில் அரை அங்குலம் நறுக்கித் திரும்பச் சொருகினால் சரியாகிவிடுவது பாதிக் கதை. மீதிக்குக் கை வேக்யூம் பம்ப் வேண்டும். விடுவிக்கும் பக்கத்துத் துளையில் 500 மி.மீ. பாதரச அளவுக்கு இழுத்து ஒரு நிமிஷம் பாருங்கள். முள் இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நின்றும் அச்சு விடுபடாவிட்டால் ஃபோர்க் துருப்பிடித்திருக்கிறது. உடனே விடுபட்டால் குற்றவாளி சோலினாய்டு அல்லது குழாய்.

லீவர் வகையில் சொல்ல அதிகம் இல்லை. அடியில் லீவரை இணைக்கும் கம்பிகளின் (லிங்கேஜ்) புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும், அல்லது சேறு காய்ந்து இறுகியிருக்கும். கழுவி, எண்ணெய் விட்டு, புஷ் மாற்றினால் தீர்ந்தது. நீண்ட கால உழைப்பில் என் ஓட்டு இதற்குத்தான், சுவிட்சின் சொகுசு எவ்வளவு இருந்தாலும்.

எண்ணெயில் தவறு செய்பவர்கள் நிறைய. சில ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு 75டபிள்யூ-90 கியர் ஆயில், சிலவற்றுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய். கையேட்டைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. செயின் வகையில் கனத்த எண்ணெய் போனால் குளிர்காலக் காலையில் மாற்றமே மந்தமாகிவிடும். எண்ணெய் வடிக்கும் கீழ்த் திருகைக் கழற்றுமுன், ஊற்றும் மேல் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு, மேல் திருகு வராமல் முழிப்பது பரிதாபம். ஊற்றும்போது மேல் துளையில் வழியும் வரை ஊற்ற வேண்டும்.

எதுவும் பலிக்காமல் நடுவழியில் நின்றால் முன் ப்ரொப்ஷாஃப்டைக் கழற்றலாம். இரு முனையிலும் ஃப்ளாஞ்ச் (போல்ட் போடும் தட்டு) உள்ள வகை என்றால் பெரும்பாலும் முனைக்கு நாலு போல்ட். இரு பக்கமும் பெயிண்ட் அடையாளம் போட்டு, முதலில் முறுக்கை இறக்கிவிட்டுத்தான் ஸ்பானர் வைக்க வேண்டும். இறுகிய ஷாஃப்ட் துள்ளினால் விரல் போகும். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சொருகியிருக்கும் வகையில் இதைச் செய்யாதீர்கள், எண்ணெய் ஒழுகிவிடும். கட்டி இழுக்க ஆள் வந்தால் நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட்டையே கேளுங்கள். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்தால் நல்ல ட்ரான்ஸ்ஃபர் கேஸும் கெடும்.

மாதம் ஒருமுறை மண் பாதையில் 4எச், 4எல் இரண்டையும் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பழைய பக்கி வாங்குபவர்கள், முக்கியமாக 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளத்தில் நனைந்திருக்கக்கூடிய வண்டி என்றால், ஆக்சுவேட்டர் கனெக்டரைக் கழற்றிச் சேறு இருக்கிறதா பாருங்கள். விற்பவர் 'சுவிட்ச் மட்டும் கொஞ்சம் மக்கர், மத்தபடி தங்கம்' என்றால், முன்சக்கரத்தைத் தூக்கி ப்ரொப்ஷாஃப்டைத் திருப்பிப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.