பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர் பெட்டிக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் சரிவருமா?

கும்பகோணம், மாயவரம் பக்கத்துக் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களின் பழைய பெட்டிகளுக்கு 4 டிபி, 5400 ஆர்பிஎம் டிஸ்க் தாராளம். அவற்றில் டிஸ்க் மாட்டும் சாட்டா 2 இணைப்பு நொடிக்கு 300 எம்பி வரை தரும்; இந்த டிஸ்க் 200-ஐத் தொடுவதே அபூர்வம்.

மாட்டியதும் மை கம்ப்யூட்டரில் தெரியாது. பழுதென்று கடைக்கு ஓடாதீர்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் இனிஷியலைஸ் செய்யுங்கள். அங்கே டிஸ்கைப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை எது என்று கேட்கும். பழைய முறையான எம்பிஆர் கொடுத்தால் 2048 ஜிபிக்கு மேல் எட்டாது, புதிய முறையான ஜிபிடிதான் சரி. விண்டோஸ் பழைய டிஸ்கிலேயே இருக்கட்டும்: யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புதிய தொடக்க மென்பொருள்) இல்லாத போர்டில் அது ஜிபிடியிலிருந்து பூட் ஆகாது.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸிலேயே தெரியவில்லை என்றால் டிஸ்கைத் தொட்டுப் பாருங்கள். அதிர்வே இல்லையா? சில புது டிஸ்க்குகள், பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) சாட்டா வயரின் 3-வது பின்னில் வரும் 3.3 வோல்ட்டைக் கண்டால் சுழலவே சுழலாது. எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு பின் மோலெக்ஸ் வயரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போட்டால் தீரும். மோலெக்ஸ் வயரில் 3.3 வோல்ட் கிடையாது. பிளாஸ்டிக் வார்த்து ஒட்டிய மலிவு ரகக் கன்வெர்ட்டர் மட்டும் வேண்டாம், உருகித் தீப்பிடிக்கலாம்.

காப்பி பாதியில் தொங்கினால் டிஸ்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சிஆர்சி (டேட்டா வரும் வழியில் நேர்ந்த பிழைகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் முதல் சந்தேகம் டேட்டா கேபிள் மேல்தான். நாகை, வேதாரண்யம் உப்புக்காற்றில் பழைய கேபிளை நம்பவே வேண்டாம். டிஸ்கோடு புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.